மஞ்சள் மூன்று, இருபத்தெட்டு மீட்டர்

போன மாதம் தருமபுரியில் வனத்துறைக்காரர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. காட்டு விலங்குக்குத் தூரத்திலிருந்து மயக்க ஊசி போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்கும் வகுப்பு. அதற்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று ஏழு வருடமாகிறது. கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவரைத் தவிர வேறு யாரும் என் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிடுவதில்லை. அதனால் சலவைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஏரியூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே ஏறிப் போய்விட்டேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அவர்களுக்கு வேண்டியது நான் இல்லை, என் நோட்டு. புதுத் துப்பாக்கி வந்திருக்கிறது. அதில் அழுத்தத்தைக் காட்ட ஒரு மீட்டர், தூரத்தை அளக்கத் தனியாக ஒரு கண்ணாடி, எல்லாம் உண்டு. இருந்தாலும் பழைய கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவாம். ஒரு இளம் டாக்டர் என் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தட்டிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தில் விரலை நிறுத்தினார்.

"ஐயா, எல்லா வரியிலயும் சுட்ட தூரம் எழுதியிருக்கீங்க. இந்த ஒரு வரியில மட்டும் காலியா இருக்குதுங்களே?"

"விட்டுப் போயிருக்கும்" என்றேன்.

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். மத்தியானம் பிரியாணி போட்டார்கள், எனக்குச் சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன். விட்டுப் போனது என்று நான் சொன்னது பொய். அதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டரும் இல்லை, வனத்துறைக்காரனும் இல்லை. கால்நடை மருந்தகத்தில் உதவியாளன். பொம்மிடியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்ப்பது, வாலைப் பிடிப்பது, ஊசியை வெந்நீரில் கொதிக்க வைப்பது, கோழிக்குஞ்சின் கண்ணில் சொட்டு விடுவது என்று பதினாறு வருடம் ஓடிப்போனது. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடு உதைத்த இடங்கள் மட்டும் மழைக்காலத்தில் ஞாபகம் வரும்.

பிறகு கர்நாடகப் பக்கமிருந்து யானைகள் இறங்குவது அதிகமாயிற்று. வனத்துறைக்கென்று தனியாக ஒரு கால்நடை டாக்டரைப் போட்டார்கள். அவருக்கு ஒரு உதவியாள் கேட்டார்கள். எங்கள் அலுவலகத்தில், யாரை அனுப்பினால் யாருக்கும் வேலை கெடாது என்று யோசித்திருப்பார்கள் போலிருக்கிறது, என்னை அனுப்பினார்கள்.

டாக்டர் சேலத்துக்காரர், பெண். நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்போம். ஒல்லி. ஷூ கயிற்றுக்கு இரண்டு முடிச்சுப் போடுவார். எதையும் இரண்டு தடவை கேட்பார், இரண்டு தடவையும் பதில் ஒரே மாதிரி வந்தால்தான் அடுத்த வேலைக்குப் போவார். சத்தம் போட்டுத் திட்டமாட்டார். தப்புச் செய்தவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் செய்ததை அவன் வாயாலேயே சொல்ல வைப்பார். அதற்குத் திட்டே தேவலாம் என்று காட்டைக் காவல் காக்கும் கார்டுகள் புலம்புவார்கள். ஒன்பது வருடம் அவரோடு ஜீப்பில் போனேன். என் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. என் மனைவி ராணி இறந்தபோது வந்தார். ஓரமாக நின்றார். கிளம்பும்போது "பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க, சின்னசாமி" என்றார். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் ஒன்றும் இப்போது நினைவில்லை. பதினைந்து நாள் கழித்து எனக்குப் போக ஓர் இடம் இருந்தது. அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் குண்டு போகாது. மருந்து நிரப்பிய, முன்னால் தடித்த ஊசி வைத்த ஒரு குழல் போகும். அதை டார்ட் என்போம். பின்னால் விரல் நுனி அளவு வெற்றுத் தோட்டா ஒன்று வெடித்து அதைத் தள்ளும். அந்தத் தோட்டா மூன்று நிறத்தில் வரும். பழுப்பு மெதுவாகத் தள்ளும், பச்சை நடுத்தரம், மஞ்சள் வேகம். துப்பாக்கியில் ஒரு திருகு வளையம் உண்டு, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டது. எண் ஏறினால் வேகமும் ஏறும். எந்தத் தூரத்துக்கு எந்த நிறம், எந்த எண் என்பதுதான் என் பிழைப்பு. வேகம் குறைந்தால் டார்ட் தோலில் பட்டுத் தெறித்துவிடும். கூடினால் ஊசியோடு குழலும் சதைக்குள் போய்விடும், மிருகம் வலியில் மிரண்டு ஓடும்.

துப்பாக்கியோடு கம்பெனிக்காரன் ஓர் அட்டவணை கொடுத்திருந்தான். அது அவனுடைய டார்ட்டுக்கு. எங்களிடம் இருந்தவை மானுக்கும் சிறுத்தைக்குமான குட்டை டார்ட்கள். யானைத் தோலில் அவை கொசுக்கடி. நீள ஊசி டார்ட் கேட்டு எழுதினோம். பதில் வந்தது, டார்ட் வரவில்லை. மறுபடி எழுதினோம். இன்னும் அழகான பதில் வந்தது.

"நாமளே செஞ்சா என்ன, சின்னசாமி?" என்றார் டாக்டரம்மா ஒரு நாள். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதையே கேட்டார். இரண்டு தடவை கேட்டால் அது உத்தரவு.

பொம்மிடி ரயில்வே கேட்டுப் பக்கம் அந்தோணி லேத் பட்டறை வைத்திருந்தார். போர்வெல் மோட்டாருக்குச் சாமான் கடைவார். அவரிடம் படத்தைக் காட்டினேன்.

"என்னாண்ணா இது, ராக்கெட்டா?"

"யானைக்கு ஊசிப்பா."

"அது கைய நீட்டிக்கிட்டு நின்னு போட்டுக்குமா?" என்று சிரித்தார். ஆனாலும் செய்து கொடுத்தார். அலுமினியக் குழாயில் இருபத்து மூன்று டார்ட். ஊசி உள்ளே போகும் அளவுக்குமேல் குழல் போகாதபடி கழுத்தில் ஒரு விளிம்பு. பறக்கும்போது நேராகப் போவதற்குப் பின்னால் குஞ்சம் வேண்டும். ராணி சிவப்பு உல்லன் நூலில் கட்டிக் கொடுத்தாள். "ஊர்ல எவனெவனோ வூட்டுக்காரிக்குப் பூ வாங்கியாறான், என் வூட்டுக்காரரு குஞ்சம் கட்டச் சொல்றாரு" என்றாள். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்தேன். நான்கு டார்ட் எடை மாறியது. தள்ளி வைத்தேன். மீதி பத்தொன்பதும் நெல் எடையளவுகூட வித்தியாசம் இல்லை.

கம்பெனி டார்ட்டைவிட இவை கனம். ஆகவே கம்பெனிக் கணக்கு ஒன்றுகூடப் பொருந்தாது. ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஏரியூருக்கு மேற்கே கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே இரண்டு மாதம் இருந்தேன், தனியாக.

முதலில் பெயிண்டால் தரையில் கோடு போட்டேன். பத்து மீட்டரிலிருந்து நாற்பது வரை, ஐந்துக்கு ஒரு கோடு. பாறைச் சுவரில் வாழைத்தண்டுகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தி, அதன்மேல் பதப்படுத்தாத எருமைத் தோலை இரண்டு மடிப்பாகப் போர்த்துவேன். தோல் காயக் கூடாது, காய்ந்தால் கணக்குத் தப்பும். மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். மருந்துக்குப் பதில் டார்ட்டில் தண்ணீரும் கொஞ்சம் உப்பும், மருந்தின் எடைக்குச் சரியாக. பழுப்பு ஒன்றில் தொடங்கி ஒவ்வொரு கோட்டிலிருந்தும் ஐந்து ஐந்து தடவை சுடுவேன். ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்து எழுத வேண்டும்: எத்தனை விரல் கீழே இறங்கியது, ஊசி முழுக்கப் போனதா, விளிம்பு தோலை வெட்டியதா, தண்ணீர் உள்ளே இறங்கியதா. பிறகு டார்ட்டைப் பிடுங்கி, ஊசியை நிமிர்த்தி, கழுவி, நிரப்பி, திரும்பக் கோட்டுக்கு நடை. ஒரு நாளைக்கு முப்பது தடவைக்குமேல் முடியாது, தோள் வீங்கிவிடும்.

அந்தக் குவாரியில் ஒரு சத்தம் போட்டால் நான்கு பக்கமும் திரும்பி வரும். முதல் வாரம் அது பிடித்திருந்தது. பிறகு வெறுத்துப் போனது. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தால் பேச ஆளிருக்காது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட வெடிச் சத்தத்துக்குப் பயந்து அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் சுட்ட எண்ணை நானே உரக்கச் சொல்லி, நானே சரி என்று சொல்லிக்கொண்டு எழுதுவேன். "வூட்லயும் நீங்க தனியாத்தான் பேசறீங்க" என்று ராணி கோபித்துக்கொண்டாள். ஆனால் இரண்டு மாத முடிவில் கையில் ஓர் அட்டவணை இருந்தது. அப்படி ஒன்று வேறு எங்கும் இல்லை. எங்கள் டார்ட்டே வேறு எங்கும் இல்லையே. டாக்டரம்மா அதை வரி வரியாகப் படித்தார். ஒரு கட்டத்தைத் தொட்டு "இது நிச்சயமா?" என்றார். "நிச்சயங்க" என்றேன். இன்னொரு தடவை கேட்டார். "நிச்சயங்க." அதற்குப் பிறகு அவர் அந்த அட்டவணையைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்ப்பார்.

எங்கள் முறை இதுதான். மறைவில் அவர் முட்டி போட்டு உட்கார்வார். நான் அவருக்கு இடப்பக்கம், ஒரு கை தூரம் பின்னால். தூரத்தைக் கண்ணால் கணிப்பது என் வேலை. நிறம், எண், தூரம், மூன்றையும் அடிக்குரலில் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். நான் போட்டுக் கொடுப்பேன், அவர் சுடுவார். வத்தல்மலையில் ஊரையே முட்டித் தள்ளிக்கொண்டிருந்த காளை ஒன்றைத் தை மாதக் குளிரில் இப்படித்தான் பிடித்தோம். பச்சை இரண்டு சொன்னேன், டார்ட் ஒரு சாண் முன்னாலேயே விழுந்தது. குளிரில் தோட்டா மந்தமாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுத்ததற்கு ஓர் எண் ஏற்றினேன், சரியாகப் போய்ப் பட்டது. அதையும் நோட்டில் சேர்த்தேன். இறங்கி வரும் வழியில் டாக்டரம்மா தன் ஃபிளாஸ்கிலிருந்த காபியில் பாதியை எனக்கு ஊற்றினார்.

பிறகுதான் பாலக்கோட்டுப் பக்கம் அந்தச் சம்பவம் நடந்தது. ராகிக் கொல்லையில் ஒரு யானை. எண் சொல்லி, போட்டுக் கொடுத்து, அவர் குறி வைத்துவிட்டார். யானை இரண்டு எட்டுத் தள்ளிப் போனது மாதிரி எனக்குப் பட்டது. "அம்மா, அஞ்சு மீட்டர் கூட" என்றேன். பதற்றத்தில் குரல் ஏறிவிட்டது. யானை காதை விரித்துத் திரும்பி, கார்டுகள் நின்ற பக்கம் ஓடியது. ஒரு கார்டு வரப்பில் விழுந்து கால் முறிந்தது. தூரம் உண்மையில் மாறவே இல்லை, நான் சொன்னதுதான் தப்பு. அன்றைக்கு ரேஞ்சர், கார்டுகள், ஊர் ஆட்கள் அத்தனை பேரும் நிற்கும்போது டாக்டரம்மா என் பக்கத்தில் வந்தார்.

"உங்க வேலை என்ன, சின்னசாமி?"

"நம்பர் சொல்றதுங்க."

"சொல்லிட்டீங்க. அதோட முடிஞ்சுது. அதுக்கப்பறம் வாயத் தொறக்காதீங்க."

யாரோ பின்னால் சிரித்தார்கள். எனக்கு அப்போது ஐம்பது வயது. அவர் என்னைவிட நான்கு வயது சின்னவர். அன்றையிலிருந்து அது எங்கள் குழுவின் சட்டமாகிவிட்டது. எண் திருப்பிச் சொன்ன பிறகு, வெடி கேட்கும் வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. நான் அதை மற்ற எல்லோரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மனதில் அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதற்கு அடுத்த கோடையில் கோணவாயன் வந்தான். ஏரியூருக்கும் காவிரிக்கும் நடுவிலுள்ள கரட்டுக் காட்டில் சுற்றிய இளம் ஆண் யானை. காட்டுப் பன்றிக்காக யாரோ பழத்துக்குள் வெடி வைத்துப் போட்டிருந்ததைக் கடித்துவிட்டது. கீழ்த்தாடை ஒரு பக்கம் உடைந்து தொங்கியது. அதனால் சுற்று ஊர்ப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. மூன்று வாரமாக ஒன்றும் தின்னவில்லை. தண்ணீரைத் துதிக்கையில் எடுத்து வாயில் விட்டால் பாதி வெளியே வழிந்தது. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

டாக்டரம்மா நான்கு நாள் அதைப் பின்தொடர்ந்து பார்த்தார். "காப்பாத்தலாம்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நின்றபடியே அரை மயக்கத்தில் வைத்து, புண்ணைக் கழுவி, உடைந்த எலும்புச் சில்லை எடுத்து, மருந்து ஏற்ற வேண்டும். ஆனால் அது ஓடக் கூடாது, விழக் கூடாது. "இந்த ஒடம்பு படுத்துச்சுன்னா எழுந்துக்காது, சின்னசாமி. டார்ட் பூ மாதிரி போய் இறங்கணும்" என்றார். "எறக்கிடலாங்க" என்றேன்.

காலை எட்டு மணி இருக்கும். காற்று எங்கள் முகத்துக்கு வந்தது. ஒரு பாறைக்குப் பின்னால் நாங்கள், எதிரே வேல மரத்தடியில் கோணவாயன். நடுவில் பாறைக் குழியில் கொஞ்சம் தண்ணீர். ரேஞ்சரும் கார்டுகளும் தூரத்தில் நின்றார்கள். நான் தூரத்தைப் பார்த்தேன், உடம்பைப் பார்த்தேன், வெயிலைப் பார்த்தேன்.

"மஞ்சள் மூணு, இருபத்தெட்டு மீட்டர்."

"மஞ்சள் மூணு, இருபத்தெட்டு."

போட்டுக் கொடுத்தேன். அவர் தோளில் வைத்தார். கோணவாயன் அப்போது நகர ஆரம்பித்தான். மரத்தை விட்டு, தண்ணீரைத் தேடி, நேராக எங்கள் பக்கம். மெதுவாகத்தான் வந்தான். குழிக்குப் பக்கத்தில் வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்றான். தொடை முழுசாகத் தெரிந்தது. சுடுவதற்கு அதைவிட நல்ல நிலை கிடைக்காது. ஆனால் தூரம் இப்போது பதினைந்து. பதினைந்துக்கு என் கணக்கு பச்சை இரண்டு. இளைத்த உடம்புக்கு அதிலும் ஒன்று குறைக்கலாம். இதற்கு நோட்டைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு என் பெயர் தெரிகிற மாதிரி அது தெரியும்.

டாக்டரம்மா துப்பாக்கியைத் தாழ்த்தாமல் முகத்தை மட்டும் பாதி என் பக்கம் திருப்பினார். வாயைத் திறக்காதே என்கிற பார்வை என்று எடுத்துக்கொண்டேன். திரும்பவும் குறியைப் பார்த்தார். உடனே சுடவில்லை.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சட்டம் என்றால் வார்த்தைக்குத்தானே, கை நீட்டித் தோளைத் தொட்டிருக்கலாம். ஒரு கை தூரம்தான். தொடவில்லை. சட்டத்துக்குப் பயந்து சும்மா இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. வாயைத் திறக்காதே என்றாயே, இதோ திறக்கவில்லை, இப்போது நீயே பார்த்துக்கொள் என்று உள்ளே ஒருவன் சொன்னான். அவன் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் அவன் பேச்சைத்தான் கேட்டேன்.

வெடித்தது. டார்ட் விளிம்பையும் மீறிக் குஞ்சம் வரைக்கும் தொடைக்குள் போய்விட்டது. கோணவாயன் கத்தினான். உடைந்த வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. வலியில் சரிவில் ஓடினான். பாதி வழியில் மயக்கம் ஏறியது. கால் பின்னி, அடிவாரத்து ஓடையில் நெஞ்சு கீழே படும்படி விழுந்தான். யானை நெஞ்சின்மேல் விழுந்து கிடந்தால் அதன் கனமே அதன் மூச்சை அடைத்துவிடும். புரட்டிப் போட வேண்டும். இருபது பேர் கயிறு போட்டு இழுத்தோம். அசையவில்லை. ஜேசிபி பென்னாகரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. டாக்டரம்மா கல்லில் முட்டி போட்டு, மயக்கம் தெளிகிற ஊசியைப் போட்டுவிட்டு, துதிக்கை மடங்காமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். "மூச்சு இருக்குது, இழுங்க, மூச்சு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜேசிபி வரும் சத்தம் கேட்டபோது சொல்வதை நிறுத்தினார். துதிக்கையைக் கீழே வைத்தார்.

ஊர்ப் பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டு வந்து போட்டார்கள். ஒரு ஆயா "வெறும் வயித்தோட போயிட்டியே சாமி" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதது. உடற்கூறு ஆய்வை டாக்டரம்மாவே செய்தார். ஊசி தொடையெலும்பில் மோதி வளைந்திருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து என்னிடம் காட்டினார். செய்ததைச் சொல்ல வைக்கிற மனுஷி, அன்று என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சாயங்காலம் நோட்டில் தேதி, இடம், மஞ்சள், மூன்று என்று எழுதினேன். தூரத்துக்கு வந்தபோது பேனா நின்றுவிட்டது. இருபத்தெட்டு என்று எழுதினால் பொய், பதினைந்து என்று எழுதினால் ஏன் பேசவில்லை என்ற கேள்வி.

ஒரு வாரம் கழித்து ரேஞ்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "டாக்டரம்மா, தூரத்தக் கணிச்சது நான்தான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. உன்ன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. போய் வேலயப் பாரு" என்றார். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

இரண்டு மாதத்தில் டாக்டரம்மாவை மாற்றிவிட்டார்கள், காட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் அலுவலகத்துக்கு. சாவிகளை ஒப்படைத்த நாளில் "நோட்டு பத்திரம், சின்னசாமி" என்றார். அதற்கப்புறம் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். அவர்களுக்கும் எண் சொன்னேன், அவர்களும் சுட்டார்கள். ஒரு மிருகமும் சாகவில்லை. எல்லாரும் என் கணக்கைப் புகழ்ந்தார்கள். புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் நான் மிகவும் தனியாக இருந்தேன். நடந்ததை அறிந்தவன் நான் ஒருவன் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

பயிற்சி வகுப்பு முடிந்து வந்த மூன்றாம் நாள், இளம் டாக்டரிடம் கேட்டு டாக்டரம்மாவின் நம்பரை வாங்கினேன். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார், சேலத்தில் தங்கை வீட்டில் இருக்கிறார். காலை பத்து மணிக்குக் கூப்பிட்டேன். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது. என் பெயரைச் சொன்னதும் "ஏரியூர்லதான் இருக்கீங்களா? வூட்ல கூட யார் இருக்காங்க?" என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் கேட்காததைக் கேட்டார். யாரும் இல்லை, மகள் ஓசூரில் இருக்கிறாள் என்றேன். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, கோணவாயன் பதினஞ்சு மீட்டருக்கு வந்தத நான் பாத்தேங்க. நம்பர் மாத்தணும்னு தெரியுங்க. பாலக்கோட்ல நீங்க சொன்ன கோவத்துல பேசாம இருந்துட்டேங்க."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"நானும் பாத்தேன், சின்னசாமி" என்றார். "கிட்ட வந்துடுச்சின்னு எனக்கும் தெரிஞ்சுது. எவ்ளோ கிட்டன்னு தெரியல. அதான் திரும்பி உங்களப் பாத்தேன்."

"நான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பாக்கறீங்கன்னு நெனச்சேங்க."

"பாலக்கோட்ல உங்களச் சொன்னது அன்னிக்குக் கோவம். சட்டம் மத்தவங்களுக்கு. உங்களுக்கா போட்டேன்? நீங்க சொல்லாம நான் எப்ப சுட்டிருக்கேன்? மனசுக்குள்ள மூணு எண்ணினேன். நீங்க ஒண்ணும் சொல்லல. சின்னசாமி சொல்லலன்னா நம்பர் சரியாத்தான் இருக்கும்னு சுட்டேன்."

பிறகு, சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இல்லை என்றேன். போய்ச் சாப்பிடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பதினான்கு வருடமாக அந்தப் பார்வையை, வாயை மூடு என்று அவர் சொன்னதாகவே வைத்திருந்தேன். அவர் என்னிடம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருக்கிறார்.